பெட்டிக்குக் கொடுக்கும் காசு மேசைக்கு வருகிறதா?

பெங்களூரில் வார இறுதிகளில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி), கால் ஆஃப் கதுலு போன்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகளை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளை, ஆடும் தமிழர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் ஒருவர், எலக்ட்ரானிக் சிட்டியில் ஒருவர், அல்சூரில் இருவர் என்று சிதறிக் கிடப்பவர்கள் ஒரே மேசைக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். அப்படிச் சேர்ந்து ஒரு கதையை முடித்துவிட்ட குழுவில் அடுத்து எழும் கேள்வி அநேகமாக இதுதான்: அடுத்த அட்வென்ச்சருக்கு, அதாவது அடுத்த கதைக்கு, சாதாரணப் புத்தகம் போதுமா, இல்லை அந்தப் பெரிய டீலக்ஸ் பெட்டியையே வாங்கிவிடலாமா? விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரணப் புத்தகத்தைப் போல இரண்டு மடங்கிலிருந்து பத்து மடங்குவரை போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டீலக்ஸ் பதிப்பில் இரண்டு விஷயங்களுக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கலாம். ஒன்று, கதையை நடத்துபவர் மேசையில் தடுமாறாதபடி எழுத்தையே திருத்தி, பிரித்து, அடுக்கிக் கொடுத்திருப்பது. இன்னொன்று, விளையாடுபவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, அதிலிருந்து துப்பு எடுக்கக்கூடிய கடிதம், வரைபடம் போன்றவை. இந்த இரண்டுமே தயாரிக்க அதிகம் செலவாகாதவை. பெட்டியின் விலையை ஏற்றுவது மற்றவை: தோல் போன்ற அட்டை, உலோக நாணயங்கள், கதாபாத்திரங்களின் சின்னச் சின்ன உருவங்கள், கனமான பெட்டி. மேசையில் அவற்றுக்கு இருக்கும் வேலை மிகக் குறைவு.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். விதிப்புத்தகம் வேறு, அட்வென்ச்சர் வேறு. எப்படி ஆட வேண்டும், டைஸ் எப்போது உருட்ட வேண்டும் என்பதையெல்லாம் விதிப்புத்தகம் சொல்லும். அட்வென்ச்சர் என்பது ஒரு குறிப்பிட்ட கதைக்கான மூலப்பொருள்: ஊர், அதில் இருப்பவர்கள், அவர்களுடைய ரகசியங்கள், கோட்டையின் அறைகள், அங்கே காத்திருக்கும் ஆபத்துகள். அதை நடத்துபவரை டி அண்ட் டியில் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) என்பார்கள், கதுலுவில் கீப்பர். தெருக்கூத்தில் எழுதிவைத்த பாட்டும் வசனமும் ஒரு பங்குதான். எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே பேச்சை வளைத்து நடத்திக்கொண்டு போகிறவர் கட்டியங்காரன். டிஎம் செய்வதும் அதே வேலை. ஆகவே அட்வென்ச்சர் புத்தகம் எவ்வளவு நல்லது என்பதற்கு அளவுகோல் அதன் கதை மட்டுமல்ல. நாலு பேர் எதிரே உட்கார்ந்து “சரி, நான் அந்தக் கதவைத் திறக்காமல் கூரை வழியாகப் போகிறேன்” என்று சொல்லும் நிமிடத்தில், தேவையான தகவல் உடனே கண்ணில் படுகிறதா என்பதுதான் முக்கியம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அட்வென்ச்சரை விளையாடுபவர்கள் படிக்கக் கூடாது. படித்தால் மர்மம் போய்விடும். ஐந்து பேர் கொண்ட குழுவில் அதை வாங்குபவர் ஒருவர்தான். விதிப்புத்தகத்தை ஆளுக்கொன்று விற்கலாம், அட்வென்ச்சரைக் குழுவுக்கு ஒன்றுதான் விற்க முடியும். பதிப்பாளர்களுக்கு இது எப்போதுமே ஒரு தலைவலி. வாங்குபவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது, அந்த ஒருவரிடமே கூடுதலாக விற்பதுதான் வழி. குழுவிலேயே இந்த விளையாட்டின் மேல் அதிகப் பிரியம் வைத்திருப்பவரும் அவர்தான் என்பதால் அந்த வழி பலிக்கிறது. டீலக்ஸ் பதிப்புகள் பெருகியதற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். பொன்னிறத்தில் பொறித்த அட்டையையும் உள்ளே இருக்கும் முழுப்பக்கச் சித்திரங்களையும் மற்ற நால்வர் பார்க்கப்போவதே இல்லை என்பதை வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

32 பக்கத்திலிருந்து சவப்பெட்டிவரை

ஒரே கதை எப்படியெல்லாம் உடுப்பு மாற்றிக்கொண்டது என்பதற்கு ரேவன்லாஃப்ட் என்ற டி அண்ட் டி அட்வென்ச்சர் நல்ல உதாரணம். டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய அந்த ரத்தக்காட்டேரிக் கதையை டிஎஸ்ஆர் நிறுவனம் 1983ல் வெளியிட்டபோது அது 32 பக்கங்கள் கொண்ட மெல்லிய புத்தகம். 2016ல் அதே கோட்டையும் அதே ரத்தக்காட்டேரிப் பிரபுவும் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற பெயரில் 256 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தார்கள், விலை 49.95 டாலர். 2020ல் சவப்பெட்டியைப் போல வடிவமைத்த பெட்டியில் ‘ரீவேம்ப்ட்’ பதிப்பு வந்தது; விலை 99.99 டாலர்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். அட்வென்ச்சர், 224 பக்க மெல்லட்டைப் புத்தகமாக. அரக்கர்களின் விவரங்கள் மட்டும் தனியாக, 20 பக்கத்தில். டாரோக்கா என்ற 54 சீட்டுகள் கொண்ட குறிசொல்லும் கட்டு, அதை விளக்க ஒரு சிறு ஏடு. டிஎம் தன் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் தடுப்பு. இருபுறமும் அச்சிட்ட பெரிய வரைபடம். அப்புறம், கதை நடக்கும் பரோவியா நாட்டிலிருந்து அனுப்புவதுபோல 12 அஞ்சலட்டைகள்.

இவற்றில் எது மேசையில் உழைக்கும்? அரக்கர் விவரங்களைத் தனி ஏடாகக் கொடுத்தது பெரிய உதவி. சண்டை நடக்கும்போது கதைப்பக்கத்துக்கும் பின்னிணைப்புக்கும் மாறி மாறிப் புரட்ட வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கலாம். கெட்டி அட்டையை எடுத்துவிட்டு மெல்லட்டை போட்டதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை, மேசையில் விரித்து வைப்பதற்கு அதுவே வசதி. டாரோக்கா சீட்டுக்கட்டு கதையின் நடுநரம்பு: கதையில் வரும் குறிசொல்லி எடுக்கும் சீட்டுகளைப் பொறுத்துத்தான் முக்கியப் பொருள்கள் எங்கே இருக்கின்றன, யார் துணைக்கு வருவார் என்பதெல்லாம் முடிவாகும். விளையாடுபவர்கள் தங்கள் கையாலேயே சீட்டைப் புரட்டும்போது மேசையே அமைதியாகிவிடும். ஆனால் அதே அட்வென்ச்சர், டாரோக்கா இல்லாதவர்கள் சாதாரணச் சீட்டுக்கட்டை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறது. ரம்மி ஆடும் கட்டு எந்த வீட்டில் இல்லை? அஞ்சலட்டைகளுக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை.

இன்னும் மேலே போனால், ஹாலிவுட் நடிகர் மேத்யூ லில்லார்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய பீடில் அண்ட் கிரிம்ஸ் நிறுவனம். அவர்களுடைய முதல் வெளியீடு, 2018ல், ‘வாட்டர்டீப்: டிராகன் ஹெயிஸ்ட்’ அட்வென்ச்சரின் பிளாட்டினம் பதிப்பு. விலை 499 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 35 ஆயிரம் ரூபாய். சாதாரணப் புத்தகம் 50 டாலருக்குக் கிடைத்தது. அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். தடித்த ஒரே புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து மெல்லிய ஏடுகளாக்கினார்கள். இன்றைக்கு எந்தப் பகுதி நடக்கப்போகிறதோ அந்த ஏடு மட்டும் கையில் இருந்தால் போதும். கதை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும்.

ஆனால் டிராகன் ஹெயிஸ்டின் கட்டமைப்பை நினைத்துப் பாருங்கள். அதில் நான்கு வில்லன்கள். ஒரு குழு ஆடும்போது டிஎம் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த வில்லனைப் பொறுத்துப் பருவகாலமும் சம்பவங்களும் மாறும். ஆகவே வில்லன்களின் மறைவிடங்களையும் அவற்றின் வரைபடங்களையும் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், ஒரு முறை ஆடும் குழு அதில் கால்வாசியைத்தான் தொடும். ஒரே அட்வென்ச்சரைப் பல குழுக்களுக்கு நடத்துபவருக்கு, உதாரணமாக கஃபேயில் கட்டணம் வாங்கி நடத்துபவருக்கு, இது பொருந்தலாம். நண்பர்களோடு ஒரே தடவை ஆடும் டிஎம்முக்கு 499 டாலர் நியாயமே இல்லை.

கையில் கொடுக்கும் காகிதம்

துப்பறியும் கதைகளில் கணக்கு வேறு. இங்கே ஹேண்டவுட், அதாவது விளையாடுபவர்கள் கையில் கொடுக்கும் காகிதம், வெறும் அலங்காரமல்ல, விளையாட்டே அதுதான். கேயோசியம் நிறுவனத்தின் கால் ஆஃப் கதுலு 1981ல் வந்தது. அதன் மிகப் பெயர்பெற்ற கேம்பெயின் (பல நாள் கூடி ஆடும் நீண்ட தொடர்கதை) ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்’ 1984ல் பெட்டியாக வெளியானது; லாரி டிடில்லியோவும் லின் வில்லிஸும் எழுதியது. 1925ல் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று சுற்றும் கதை. அதில் விளையாடுபவர்களுக்குக் கிடைக்கும் துப்புகள் கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், விசிட்டிங் கார்டுகள். ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் தீப்பெட்டிகூட உண்டு. நாலு பேர் அந்தக் காகிதங்களை மேசையில் பரப்பி, இந்தப் பெயர் அந்தக் கடிதத்தில் வந்ததே என்று ஒருவருக்கொருவர் காட்டிப் பேசும் அரைமணி நேரத்தில் கீப்பர் வாயே திறக்க வேண்டாம். எந்தச் சண்டைக்காட்சியும் தராத இன்பம் அது.

2018ல் வந்த திருத்திய பதிப்பு, இரண்டு தொகுதிகளாக, மொத்தம் 666 பக்கங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அதில் பழைய எழுத்தை அப்படியே தூக்கிப் போடவில்லை. முன்கதையாக பெரு நாட்டில் 1921ல் நடக்கும் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார்கள். இதனால், முன்பு விளையாடுபவர்களுக்கு வெறும் பெயராக இருந்த ஒரு முக்கிய மனிதரோடு அவர்களுக்கு உண்மையான பழக்கம் ஏற்படுகிறது, பிறகு நியூயார்க்கில் நடப்பது நெஞ்சைத் தொடுகிறது. இதைத்தான் எழுத்துக்கான செலவு என்கிறேன். இதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. இதே கேம்பெயினுக்கு எச். பி. லவ்கிராஃப்ட் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்ற அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட ஹேண்டவுட் தொகுப்பு ஒன்றைத் தனியாக விற்கிறது. அந்தக் காலத்து அச்சு, காகிதம், கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். டீலக்ஸ் பொருள் எதற்காவது ஆசைப்பட்டே ஆக வேண்டும் என்றால் நான் கைநீட்டுவது இந்த வகைக்குத்தான்.

அதையும் இங்கேயே செய்துகொள்ள முடியும் என்பது பெங்களூர்க்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதி. பிடிஎஃப் வாங்கினால் ஹேண்டவுட் பக்கங்கள் கிடைத்துவிடும். சுல்தான்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் கல்யாணப் பத்திரிகைக் காகிதம் விற்கும் கடைகளில் பழுப்பு, யானைத்தந்த நிறம், நார் தெரியும் கைக்காகிதம் என்று எத்தனையோ வகை உண்டு. அதில் சில தாள்களை வாங்கிக் கடிதங்களை அச்சிட்டால் தொட்டுப் பார்க்கிறவருக்கு உடனே வித்தியாசம் தெரியும். தீப்பெட்டி வேண்டுமா? சிவகாசிப் பெட்டி ஒன்றை எடுத்து லேபிளின் மேல் ஷாங்காய்க் கடையின் பெயரை ஒட்டினால் முடிந்தது வேலை. சண்டை வரைபடத்தில் ஒரு அங்குலச் சதுரம் ஐந்து அடியைக் குறிக்கும். ஏ1 அளவுத் தாளில் 23க்கு 33 சதுரம் வரும். ஒரு பெரிய கூடத்துக்கு அது போதும். கட்டட வரைபடம் அச்சடிக்கும் எந்தக் கடையிலும் சில நூறு ரூபாயில் எடுத்துத் தருவார்கள்.

உருவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யார் எங்கே நிற்கிறார் என்று காட்ட ஒரு அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். அங்கே வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் பூசிய மரப்பொம்மைகள் செய்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற தொழில். விரல் உயரத்தில் கிடைக்கும் சின்னப் பொம்மைகளை நிறத்துக்கு ஒன்றாக வாங்கி வைத்தால் எந்த அட்வென்ச்சருக்கும் வருடக்கணக்கில் வரும். பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் உருவங்கள் அந்த ஒரு கதையோடு சரி.

கப்பலேறி வரும் விலை

அட்டையில் அச்சிட்ட விலை நமக்கு ஆகும் விலை அல்ல. வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரும் பொருளுக்கு எடை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையான எடையா இந்த எடையா, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 40க்கு 30க்கு 15 என்ற அளவில் உள்ள பெட்டி 3.6 கிலோ ஆகிவிடும், உள்ளே பாதி காற்றாக இருந்தாலும். தனிப் புத்தகம் ஒரு கிலோ பக்கம் இருக்கும், தட்டையாக இருப்பதால் இடக்கணக்கில் மாட்டாது.

அப்புறம் வரி. அச்சிட்ட புத்தகத்துக்கு இந்தியாவில் ஜிஎஸ்டி இல்லை. இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 ஜூலை பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்க வரி விதித்தார்கள். பொம்மைகளின் கதை வேறு. அவற்றுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ தரச்சான்றும் கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கக் கொண்டுவந்த விதிகள் இவை, சன்னபட்டணத்துக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் புத்தகம், டைஸ், சீட்டுக்கட்டு, உருவம் எல்லாம் கலந்த ஒரு பெட்டி சுங்கத்தில் வந்து நிற்கும்போது அது வெறும் புத்தகமாகப் போகாது. எந்த இனத்தில் சேர்க்கிறார்களோ அதைப் பொறுத்து விலை ஏறும், சில நாள் தாமதமும் ஆகும். ஆகவே உருவங்கள் உள்ள பெட்டி, இல்லாத பெட்டி என்று இரண்டு வகை விற்றால் இரண்டாவதை எடுப்பது நமக்கு நல்லது.

வாங்கப்போகிறவர்களிடமே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பணம் கட்டும் டீலக்ஸ் பதிப்புகளில் இந்தக் கப்பல் செலவு பதிப்பாளரையே கவிழ்த்திருக்கிறது. 1991ல் வந்த ‘ஹாரர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ கேம்பெயினைப் பெரிய பெட்டியாக மறுபடி வெளியிட 2012ல் கேயோசியம் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. பணம் சேரச் சேரப் பெட்டிக்குள் போடும் பொருள்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். உலகம் முழுக்க அனுப்ப எவ்வளவு ஆகும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். அடுத்து கால் ஆஃப் கதுலுவின் ஏழாம் பதிப்பு விதிப்புத்தகத்துக்குத் திரட்டிய பணத்திலும் இதே சிக்கல். 2015ல் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது நிறுவனர் கிரெக் ஸ்டாஃபோர்டும், கதுலு விளையாட்டை உருவாக்கிய சாண்டி பீட்டர்சனும் திரும்பி வந்து பொறுப்பேற்றார்கள். பிறகு மூன் டிசைன் என்ற பதிப்பகத்தின் குழுவினர் நிர்வாகத்தை எடுத்துச் சீர்செய்தார்கள். பெட்டிக்குள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கும் நம் ஆசை, நாம் நேசிக்கும் பதிப்பாளரையே வீழ்த்தக்கூடும். முன்பணம் கட்டும் முன் அந்த நிறுவனம் இதற்கு முன்னால் இந்தியாவுக்கு ஒழுங்காக அனுப்பியிருக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும்.

தமிழில் நடக்கும் மேசை

நம் குழுக்களுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது, அதை வெளிநாட்டு விமரிசனங்களில் பார்க்க முடியாது. இந்த அட்வென்ச்சர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாங்கள் ஆடுவது தமிழில், நடுவில் கொஞ்சம் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. பெரிய பதிப்புகளில் டிஎம் உரக்கப் படிப்பதற்கென்றே கட்டம் கட்டிய நீண்ட வர்ணனைகள் இருக்கும். அதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பினால் காட்சி அறுந்துவிடுகிறது. படித்துக்கொண்டே மொழிபெயர்க்கவும் முடியாது. வாக்கியங்கள் அவ்வளவு நீளம். எனக்கு உதவுவது நாலைந்து சொல்லில் எழுதிய குறிப்பு. “ஈர வாசனை. கருகிய ஏணி. மேலே யாரோ முனகுகிறார்கள்.” இது போதும். இதிலிருந்து என் தமிழில் நானே சொல்லிக்கொள்வேன், கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இந்தப் பாணியில் எழுதியவை பெரும்பாலும் மலிவான புத்தகங்கள். ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற விளையாட்டின் வரிசையில் கேவின் நார்மன் எழுதிய ‘தி ஹோல் இன் தி ஓக்’ போன்ற அட்வென்ச்சர்களில் ஒவ்வொரு அறைக்கும் தடித்த எழுத்தில் சில சொற்கள், பக்கத்தில் சிறு விளக்கம், அவ்வளவுதான். மதர்ஷிப் விளையாட்டின் ‘தி ஹாண்டிங் ஆஃப் இப்சிலான் 14’ மூன்றாக மடித்த ஒற்றைத் தாள். ஒரு மாலை முழுவதும் அதில் ஓட்டலாம். டி அண்ட் டியிலேயே 2014ல் வந்த ஸ்டார்ட்டர் செட் 19.99 டாலர்தான். அதில் இருந்த 64 பக்க ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ அட்வென்ச்சரை இன்றும் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். கதுலுவின் குவிக்-ஸ்டார்ட் ஏட்டை கேயோசியம் இலவச பிடிஎஃபாகவே கொடுக்கிறது, ‘தி ஹாண்டிங்’ என்ற முழுக்கதையும் அதற்குள் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஆடிப் பார்க்காத குழு பெட்டி வாங்குவது அவசரம்.

கதையை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வதிலும் மெல்லிய புத்தகமே கைகொடுக்கிறது. 1920களின் கதுலு கதைகளுக்கு பெங்களூர் கன்டோன்மென்ட் அவ்வளவு பொருத்தமான இடம். 1809ல் ஆங்கிலேயர் பாசறை அமைத்த நாளிலிருந்து சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வேலைக்காரர்களாகவும் தமிழர்கள் வந்து குடியேறிய பகுதி. 1898ன் பிளேக் நோய் நகரத்தையே மாற்றியது. கன்டோன்மென்ட் 1947வரை மைசூர் அரசின் கைக்கு வராமல் தனி நிர்வாகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் அதிகாரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருப்பது இயல்பு. கோயில் குருக்களின் குறிப்பைத் தமிழில் நாமே எழுதிக்கொள்ளலாம். பெங்களூர் கிளப்பில் 1899ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பாக்கி வைத்தவர்களில், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான லெப்டினன்ட் சர்ச்சிலின் பெயரும் 13 ரூபாயோடு அதில் வரும். அப்படி ஒரு பேரேட்டுப் பக்கத்தை மாதிரியாக வைத்து, அதில் கதைக்கு வேண்டிய பெயரை நுழைத்து, விளையாடுபவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்த டீலக்ஸ் பெட்டியிலும் அது கிடைக்காது, ஏனென்றால் பெட்டி யாருக்கோ பொதுவாகச் செய்தது.

வாங்கியே தீர வேண்டும் என்றால்

பெட்டிக்கு ஆதரவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஐந்து பேர், 30 செஷன் (ஒரு முறை கூடி ஆடுவது ஒரு செஷன்), ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஆளுக்கு 90 மணி, மொத்தம் 450 மணி. எல்லாச் செலவும் சேர்த்துப் பெட்டி 12 ஆயிரம் ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மணிக்கு 27 ரூபாய்கூட ஆகவில்லை, மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்பார்கள். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புத்தகமும் அதே 450 மணியைத் தருகிறது. மதிப்பிட வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏழாயிரத்து ஐந்நூறை மட்டும். அந்தத் தொகை டிஎம்முக்கு எத்தனை இரவுத் தயாரிப்பைக் குறைத்தது, விளையாடுபவர்கள் கையில் என்ன கொடுத்தது என்று கேட்டால்தான் உண்மையான விடை வரும். அந்த 30 செஷனும் நடக்குமா என்பது இன்னொரு கேள்வி. வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வர ஒருவருக்குத் தெம்பில்லாமல் போகிறது. பாதியில் நின்ற கேம்பெயின்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆகவே சாதாரணப் புத்தகத்தை அல்லது பிடிஎஃபை வைத்து முதல் சில செஷன்களை ஓட்டிப் பாருங்கள். குழு நிலைத்துவிட்டது, கதையும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு டீலக்ஸ் பொருள்களைப் பற்றிப் பேசலாம்.

பின்னால் விற்றுவிடலாம் என்று நம்பி வாங்க வேண்டாம். பிரிக்காத பெட்டிக்கு அமெரிக்காவில் விலை நிற்கலாம். இங்கே வாங்குபவர்கள் கொஞ்சம் பேர், அங்கே அனுப்பக் கப்பல் செலவு முன்னால் நிற்கும். ஆடிய பெட்டியில் கடிதங்கள் கசங்கியிருக்கும், வரைபடத்தில் காபிக் கறை இருக்கும். அது விளையாடிய அடையாளம், விற்கிற பொருளில்லை.

விளையாடாமல் படிப்பதற்கென்றே அட்வென்ச்சர் வாங்குபவர்களும் உண்டு. நானும் அப்படிப் படிப்பேன். அந்தக் காசை அப்போது புத்தகச் செலவாகவே பார்க்க வேண்டும். நல்ல தையல் கட்டு, தெளிவான அச்சு, இரண்டு தொகுதியைச் சேர்த்து வைக்கும் உறை ஆகியவற்றுக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் அதே பணத்துக்கு எத்தனை புத்தகம் வரும் என்று ஒப்பிட்டு முடிவு செய்துகொள்ளலாம். நாணயமும் உருவமும் சேர்ந்த பெட்டி அதற்கும் தேவையில்லை.

குழுவாக வாங்குவதென்றால் செலவை டிஎம் தலையில் கட்டாதீர்கள். வாரா வாரம் தயார் செய்வதே அவர் போடும் பங்கு. மற்ற நாலு பேரும் பிரித்துக் கொடுத்தால் ஒரு நல்ல ஹேண்டவுட் தொகுப்பு வந்துவிடும். கேயோசியம் போன்ற பதிப்பாளர்கள் தங்களிடம் நேரடியாக அச்சுப் புத்தகம் வாங்குபவர்களுக்கு பிடிஎஃபையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆர்டர் போடுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வரைபடம் அச்சடிக்க அதுதான் வேண்டும். டி அண்ட் டியின் இன்றைய புத்தகங்களுக்கு பிடிஎஃப் விற்பனை கிடையாது, மின்பதிப்பை டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையதளத்தில் தனியாக வாங்க வேண்டும். பெட்டி யார் வீட்டில் இருக்கும் என்பதையும் பணம் சேர்க்கும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் டிஎம்முக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தால், அடுத்து நடத்தப்போகிறவரிடம் அது போய்ச் சேர வேண்டும்.